பேசினதே இல்லன்னு சொன்ன ஏஜென்ட்: சாட் தேடல் டூலுக்கு டாகுமென்ட் எழுதப் போய் மாட்டின கத

நடந்தத முதல்ல சொல்லிடறேன். எங்க டீம்ல கோடிங் ஏஜென்ட்ட, அதாவது நாம சொன்னா தானா கோட் எழுதற ஏஐய வச்சுதான் பாதி வேலை ஓடுது. அதுங்களுக்கு ஒரு செஷன் முடிஞ்சா எதுவும் ஞாபகம் இருக்காது, அதனால பழைய சாட் எல்லாத்தையும் ஒரு டேட்டாபேஸ்ல கொட்டி வச்சு, ஏஜென்ட்டே அதுல தேடிக்கற மாதிரி ஒரு சின்ன டூல் பண்ணிக் குடுத்திருந்தோம். ஒரு நாள் டீம்ல ஒருத்தர், "பேமென்ட் ஃபெயில் ஆனா எத்தன தடவ ரீட்ரை பண்றதுன்னு போன மாசம் பேசி முடிவு பண்ணோமே, அது என்ன?"ன்னு கேக்கறார். ஏஜென்ட் நாலு தடவ தேடிப் பாத்துட்டு "பேமென்ட் ரீட்ரை லிமிட் பத்தி நாம பேசினதே இல்ல"ன்னு அடிச்சு சொல்லிடுச்சு. அதோட விட்டிருந்தா பரவால்ல, பேசாத விஷயம்தானேன்னு தானா ஒரு நம்பர முடிவு பண்ணி கோட்லயும் போட்டுடுச்சு.

ஆனா அந்தப் பேச்சு நிஜமாவே நடந்திருக்கு. மூணு தடவைக்கு மேல வேணாம், போனா ஒரே ஆள்கிட்ட ரெண்டு தடவ காசு பிடிக்கற ஆபத்து இருக்குன்னு காரணத்தோட பேசி முடிச்சது, அதே டூல் தேடற அதே டேபிள்ல பத்திரமா உக்காந்திருக்கு. ரிவ்யூல ஒருத்தர் கண்ணுல பட்டதால தப்பிச்சோம்.

அப்புறம் மீட்டிங். ஏஜென்ட்டுக்குள்ள ஓடற ஏஐ மாடல் மேல பழி போட ரெண்டு பேர், டூல் மேல போட ஒருத்தர், கடைசில டாகுமென்ட் மேல போட்டா யார் மனசும் நோகாதுன்னு அதுல போய் நின்னுச்சு. "டூல எப்டி யூஸ் பண்றதுன்னு ஏஜென்ட்டுக்கு தெரியல, ஒழுங்கா டாகுமென்ட் எழுதினா சரியாயிடும்"னு சொல்லி வேலைய என் தலைல கட்டிட்டாங்க. டூல்ல பாதி கோட் நான் எழுதினதுதான், அதனால வாய் பேசாம வாங்கிக்கிட்டேன்.

இருந்த டாகுமென்ட் ரெண்டே வரி. "பழைய சாட்ல தேடும். கேள்வியக் குடுத்தா பொருத்தமான மெசேஜ் வரும்." அவ்ளோதான். அந்த ரெண்டு வரியும் பொய்னு தெரியறதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

உள்ள என்ன இருக்குன்னு தெரியாம மேல சொல்றது புரியாது, அதனால கொஞ்சம். ஏஜென்ட் செஷன்கள் ஜேசன்எல் ஃபைலா விழும், வரிக்கு ஒரு மெசேஜ். அத எடுத்து எஸ்கியூலைட்ங்கற டேட்டாபேஸ்ல போட்டு, எஃப்டிஎஸ்5ன்னு அதுலயே வர ஃபுல் டெக்ஸ்ட் இன்டெக்ஸ் (எந்த வார்த்த எந்த மெசேஜ்ல இருக்குங்கற பட்டியல்) கட்டி, முன்னாடி ஒரு எம்சிபி சர்வர் வச்சிருந்தோம். எம்சிபிங்கறது ஏஜென்ட்டும் டூலும் பேசிக்க ஆந்த்ரோபிக்ங்கற ஏஐ கம்பெனி 2024 நவம்பர்ல வெளியிட்ட புரோட்டோகால். இதுல ஏஜென்ட்டுக்கு ஒரு டூல பத்தி தெரியறது முக்கியமா மூணு விஷயம்தான்: பேரு, டிஸ்க்ரிப்ஷன், என்ன இன்புட் குடுக்கணும்ங்கற ஸ்கீமா. நம்ம ரீட்மீ, விக்கி, அதுல அழகா போட்ட படம் எதுவும் தானா அது கண்ணுக்கு போகாது. அதாவது நாம டாகுமென்ட்னு சொல்றது இங்க அந்த டிஸ்க்ரிப்ஷனும், டூல் திருப்பிக் குடுக்கற பதில்ல இருக்கற வார்த்தைகளும்தான்.

அந்த நாலு தேடல்

ஏஜென்ட் என்னென்ன செஞ்சுதுங்கற லாக் எடுத்து ஒவ்வொண்ணா பாத்தேன்.

முதல் தடவ ஏஜென்ட் கேட்டவரோட வாக்கியத்த, கமாவும் கேள்விக்குறியும் மட்டும் இல்லாம, அப்டியே தூக்கி உள்ள போட்டிருக்கு. நம்ம டிஸ்க்ரிப்ஷன்தானே "கேள்வியக் குடுத்தா"ன்னு சொல்லுது, அது சொன்னபடி செஞ்சிருக்கு. ஆனா எஃப்டிஎஸ்5ல ஸ்பேஸ் விட்டு நாலு வார்த்த எழுதினா நாலும் ஒரே மெசேஜ்ல இருக்கணும்னு அர்த்தம். ஒரு முழுக் கேள்வில இருக்கற அத்தன வார்த்தையும், அந்த "போன மாசம்" உட்பட, ஒரே மெசேஜ்ல எங்க இருக்கப் போகுது. காலி.

ரெண்டாவது, புத்திசாலித்தனமா கீவேர்டுக்கு மாறி ரீட்ரை, லிமிட் ரெண்டையும் நடுவுல ஹைஃபன் போட்டு இங்கிலீஷ்ல குடுத்திருக்கு. எஃப்டிஎஸ்5 வெறும் ஹைஃபன எழுத்தா பாக்காது, தன்னோட சின்டாக்ஸா, அதாவது கட்டளைக் குறியா பாக்கும், பாத்துட்டு அந்தப் பேர்ல டேபிள்ல நெடுவரிசையே (column) இல்லன்னு எரர் அடிக்கும். அந்த எரர நம்ம கோட் பிடிச்சு, முழுங்கிட்டு, காலி லிஸ்ட்ட திருப்பிக் குடுத்திருக்கு. அந்த வரிய எழுதினது நான்தான். எந்த வரிய யார் எழுதினாங்கன்னு பதிவு வைக்கற கிட்ல பேரு இருக்கு, மறுக்க முடியாது.

மூணாவது தமிழ்ல, "லிமிட்"னு மட்டும் தேடியிருக்கு. இதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் போன இடம், ஏன்னா இதுல ரிசல்ட் வந்திருக்கு, பத்து மெசேஜ், பத்தும் குப்பை. "டெஸ்ட் ஓட மாட்டேங்குது ஏன்னும் சொல்ல மாட்டேங்குது", "அந்த ஃபங்ஷன் அதுல மாட்டிக்கிச்சு" இப்டி. லிமிட்டுக்கும் மாட்டேங்குதுக்கும் என்ன சம்பந்தம்? ரொம்ப நேரம் முழிச்சுட்டு, டெக்ஸ்ட்ட வார்த்தை வார்த்தையா பிரிக்கற டோக்கனைசர்ல கைய வச்சப்பதான் புரிஞ்சுது. எஃப்டிஎஸ்5ல நாம எதுவும் சொல்லலன்னா யூனிகோட்61ங்கற டோக்கனைசர் ஓடும். அது அடிப்படையா எழுத்து, எண் வகைல வர கேரக்டர்கள மட்டும்தான் வார்த்தையோட பாகமா எடுத்துக்கும். தமிழ்ல புள்ளியும் துணைக்காலும் கொம்பும் யூனிகோட்ல எழுத்து வகை கிடையாது, அது 'குறி' வகை. அதனால அது எல்லாமே இந்த டோக்கனைசருக்கு கமா, ஸ்பேஸ் மாதிரி வெறும் பிரிப்பான். "லிமிட்"ங்கறது அதுக்கு ல, ம, ட ன்னு மூணு துண்டு. "சொல்ல மாட்டேங்குது"லயும் அதே ல, ம, ட வரிசையா வருது. மாடி, மூடி, மேடை மூணும் அதுக்கு ஒண்ணுதான். பாடமும் பீடமும் ஒண்ணுதான். இப்டி ஒரு இன்டெக்ஸ வச்சுக்கிட்டு மாசக்கணக்கா 'தமிழ்லயும் தேடலாம்'னு நாங்க பெருமையா சொல்லிட்டு இருந்திருக்கோம்.

நாலாவதுல ஏஜென்ட் எல்லாத்தையும் சரியா பண்ணியிருக்கு. இங்கிலீஷ்ல ஒரே வார்த்த, கூடவே போன மாசம் 1ஆம் தேதிலேந்து மாசக் கடைசி வரைக்கும்னு தேதி ஃபில்டர். இது கிடைச்சிருக்கணும். ஆனா அந்தப் பேச்சு நடந்தது 1ஆம் தேதி விடியக்காலைல, டேட்டாபேஸ் நேரத்த உலகப் பொது நேரமான யூடிசில வச்சிருக்கு, யூடிசிய விட முன்னாடி ஓடற ஊர்ல விடியக்காலைல பேசினது அதுல முந்தின நாள்ல போய் விழும். அதாவது அதுக்கும் முந்தின மாசம். காலி.

ஆக நாலு தேடல், நாலு வேற வேற காரணம், ஏஜென்ட் பக்கம் நின்னு பாத்தா மூணு காலி ஒரு குப்பை. மனுஷன்னா "இந்த சர்ச்சே சரியில்லப்பா"ன்னு சலிச்சுக்கிட்டு ஸ்க்ரோல் பண்ணி தேட ஆரம்பிச்சிருப்பான், நமக்கெல்லாம் சர்ச் பாக்ஸ் மேல பிறவி சந்தேகம் உண்டு. ஏஜென்ட் டூல் சொன்னத வேதவாக்கா எடுத்துக்குது. அது பொய் சொல்லல, கிடைச்ச சாட்சிய வச்சு நியாயமா ஒரு முடிவுக்கு வந்திருக்கு. சாட்சி சொன்ன ஆள்தான் சரியில்ல.

முதல் டிராஃப்ட், குப்பைக்கு போனது

இதெல்லாம் தெரிஞ்சதும் நான் செஞ்ச முதல் காரியம், எல்லாத்தையும் டாகுமென்ட்ல எழுதினது. ஹைஃபன் போடாதீங்க, முழு வாக்கியம் குடுக்காதீங்க, தேதி குடுத்தா ரெண்டு பக்கமும் ஒரு நாள் கூட்டிக் குடுங்க, தமிழ்ல தேடினா வர ரிசல்ட்ட நம்பாதீங்க… நாலு பக்கம். ரிவ்யூக்கு அனுப்பினேன், டீம்ல ஒரு அக்கா படிச்சுட்டு கேட்டாங்க, "இது டாகுமென்ட்டா, மன்னிப்புக் கடிதமா?"

சரியான அடி அது. நான் டூலோட ஓட்டைகள படிக்கறவங்க தலைல கட்டிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் டிராஃப்ட்ட வரி வரியா பிரிச்சோம். எந்த வரிய எழுத கை கூசுதோ அது டூல்ல திருத்த வேண்டியது, டாகுமென்ட்ல எழுத வேண்டியது இல்ல. ஹைஃபன் பிரச்சினைக்கு வார்த்தைகள டபுள் கோட்குள்ள போட்டு அனுப்பினா போதும், அத டூலே செய்யலாம். எரர் வந்தா காலி லிஸ்ட் குடுக்காம எரர்னே சொல்லணும், எம்சிபில அதுக்குன்னே பதில்ல ஒரு எரர் ஃப்ளாக் இருக்கு, அத வச்சாதான் 'தேடினேன், இல்ல'ங்கறதும் 'தேடவே முடியல'ங்கறதும் வேற வேறன்னு மாடலுக்கு தெரியும். தேதிக்கு டைம்ஸோன கட்டாய இன்புட்டா ஸ்கீமால போட்டோம். நாலு பக்கத்துல ரெண்டு பக்கம் இப்டியே காணாம போச்சு.

ஸ்கோர் ஒரு தனிக் கூத்து. ஒரு மெசேஜ் எவ்ளோ பொருந்துதுன்னு சொல்ற பிஎம்25 ஸ்கோர் எஃப்டிஎஸ்5ல மைனஸ்ல வரும், நல்லா பொருந்தினது ரொம்ப மைனஸ். சார்ட் பண்ண வசதியா அப்டி வச்சிருக்காங்க. நாங்க அந்த நம்பர அப்டியே ஏஜென்ட்டுக்கு காட்டிட்டு இருந்தோம். அது மைனஸ் எட்ட விட மைனஸ் ஒண்ணு பெருசுதானேன்னு கடைசி ரிசல்ட்ட முதல்ல திறந்து படிச்ச லாக் எல்லாம் இருக்கு. டிஸ்க்ரிப்ஷன்ல விளக்கம் எழுதப் போனேன், மூணாவது வாக்கியத்துல நிறுத்திட்டு ஸ்கோரையே தூக்கிட்டேன். இப்ப வரிசை எண் மட்டும்.

டோக்கனைசர் கதைதான் இழுத்துடுச்சு. திருத்தம் ஒரே வரி, டேபிள் கட்டும்போது எழுத்து, எண்ணோட குறி வகைகளையும் சேத்துக்கோன்னு கேட்டகரி ஆப்ஷன்ல சொல்லணும், இன்டெக்ஸ திரும்ப கட்டணும். கட்டினோம். லிமிட்டுக்கு லிமிட் மட்டும் வந்துச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்த நாளே இன்னொருத்தர் வந்து, "நேத்து வரைக்கும் சர்வர்னு தேடினா நிறைய வந்துச்சு, இப்ப ரெண்டுதான் வருது"ங்கறார். என்ன ஆச்சுன்னா, உடைஞ்ச டோக்கனைசர் வார்த்தைய துண்டு துண்டா நறுக்கினதால "சர்வர்ல", "சர்வருக்கு", "சர்வரோட" எல்லாத்துலயும் முன்பாதி துண்டுகள் ஒரே மாதிரி வந்து, தற்செயலா வேற்றுமை உருபெல்லாம் தானா பொருந்திட்டு இருந்திருக்கு. சரி பண்ணினதும் "சர்வர்"ங்கறது முழு வார்த்தையாயிடுச்சு, "சர்வர்ல" வேற வார்த்தை. ஸ்டார் போட்டு முன்னொட்டா தேடலாம்னு பாத்தா அதுலயும் ஒரு சிக்கு: "சர்வர்" புள்ளில முடியுது, "சர்வருக்கு"ல அந்தப் புள்ளி இருந்த இடத்துல உகரம் வந்துடுது, அதனால பொருந்தாது. கடைசிப் புள்ளிய வெட்டிட்டு "சர்வர"ன்னு வச்சு ஸ்டார் போட்டா ரெண்டும் வருது. இத டூலே செய்யற மாதிரி எழுதினோம்.

ஆனா "மரம்" "மரத்துல" ஆகற மாதிரி வார்த்தையே உருமாறினா இந்த வித்தை வேலைக்காகாது, ஒரே வார்த்தைய ஒருத்தர் தமிழ் எழுத்துல இன்னொருத்தர் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருந்தாலும் ஆகாது. இது கை கூசாம டாகுமென்ட்ல எழுதக்கூடிய வரி, ஏன்னா இத டூலால இப்போதைக்கு தீக்க முடியாது, ஏஜென்ட்டால முடியும். "ஒரே விஷயத்த தமிழ் எழுத்துலயும் இங்கிலீஷ் எழுத்துலயும் வேற சொல் வடிவத்துலயும் தனித்தனியா தேடு"ன்னு ஒரு வரி போட்டோம், ஏஜென்ட் சலிக்காம ஆறு விதமா மாத்தி தேடுது. மனுஷன்கிட்ட இத எழுதியிருந்தா யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க.

டெக்ஸ்ட்டோட அர்த்தத்த நம்பர் வரிசையா (வெக்டரா) மாத்தி வைக்கற எம்பெடிங் போட்டா இவ்ளோ அவஸ்தை இல்லையேன்னு கேப்பீங்க. எங்க டீம்லயும் கேட்டாங்க. அர்த்தத்த வச்சு தேடும், உருபுப் பிரச்சினையும் குறையும், வார்த்தைத் தேடல், அர்த்தத் தேடல் ரெண்டோட ரிசல்ட் வரிசையையும் கலக்க 2009லயே வந்த ரெசிப்ரோகல் ரேங்க் ஃப்யூஷன் இருக்கு, அது எல்லாம் சரி. ஆனா வெக்டர் தேடலுக்கு 'இல்ல'ன்னு சொல்லவே தெரியாது. எத கேட்டாலும் இருக்கறதுலயே பக்கத்துல இருக்கற பத்த எடுத்து நீட்டும். எங்க பிரச்சினையே 'இல்ல'ங்கறதுக்கு என்ன அர்த்தம்ங்கறதுதான், அதனால அத தள்ளி வச்சோம்.

யார் சொன்னது, எப்ப சொன்னது

எல்லாம் திருத்தி முடிச்சு அதே கேள்விய திரும்ப கேட்டோம். ஏஜென்ட் தேடிச்சு, கிடைச்சுது, திரும்பவும் "பேசினதே இல்ல"ன்னு சொல்லிச்சு. எனக்கு தலை சுத்திடுச்சு. பாத்தா, முதல் ரிசல்ட்டா வந்தது அன்னிக்கு அதே ஏஜென்ட் சொன்ன "பேமென்ட் ரீட்ரை லிமிட் பத்தி நாம பேசினதே இல்ல"ங்கற மெசேஜ்தான்! ஏஜென்ட் தேடின எல்லா வார்த்தையும் அதுல இருக்கு, சின்ன மெசேஜ் வேற, பிஎம்25 சின்ன மெசேஜ தூக்கி மேல வைக்கும். தன் வாயால சொன்ன தப்பயே தனக்கு சாட்சியா எடுத்துக்கிச்சு.

இது எந்த தேடல் டாகுமென்ட்லயும் நான் பாக்காத விஷயம். மனுஷன் தேடற சாட்ல எல்லாரும் மனுஷங்க. இங்க பாதிக்கு மேல மாடலே எழுதினது, நடுவுல டூல் கக்கின லாக், ஃபைல் உள்ளடக்கம் எல்லாம். அதனால ஒவ்வொரு ரிசல்ட்டோடயும் இத சொன்னது ஆளா, மாடலா, டூலான்னு காட்டறோம், ஆள் சொன்னத மட்டும் தேடற ஃபில்டரும் இருக்கு. டிஸ்க்ரிப்ஷன்ல "முடிவு என்னன்னு கேட்டா ஆள் சொன்ன மெசேஜ்தான் ஆதாரம், மாடல் சொன்னது தடயம் மட்டும்"னு போட்டோம். கூடவே, ஒரே விஷயத்துல ரெண்டு முடிவு கிடைச்சா தேதி பாரு, பின்னாடி சொன்னது எது, நடுவுல யாராவது மாத்தினாங்களான்னு அந்த த்ரெட்ட முழுசா எடுத்துப் படி. ரிசல்ட்ல காட்டற துணுக்க மட்டும் வச்சு முடிவு சொல்லாதன்னும் எழுதினோம், "அப்டி வேணாம்"ங்கற வார்த்த துணுக்குக்கு அடுத்த வரில இருந்த கேஸ் ஒண்ணு அதுக்குள்ள வந்துடுச்சு.

இன்னொண்ணு, பழைய சாட்ல உத்தரவு இருக்கும். "இந்த பிராஞ்ச்ல டெஸ்ட் ஓட்டாத, நேரா மெர்ஜ் பண்ணு"ன்னு, அதாவது சோதிக்காம கோட்ட சேத்துடுன்னு, அன்னிக்கு அவசரத்துல ஒருத்தர் சொன்னது இன்னிக்கு ரிசல்ட்டா வந்தா ஏஜென்ட் அத இன்னிக்கு சொன்னதா எடுத்துக்கக்கூடும். அதே சாட்ல எவனோ எழுதின வெப்பேஜோட உள்ளடக்கம் ஒட்டியிருந்து அதுக்குள்ள கட்டளை இருந்தா இன்னும் மோசம், 2022லேந்து ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன்னு பேரு வச்சு எல்லாரும் கத்திட்டு இருக்கறது இதத்தான். "ரிசல்ட்ல வரது பதிவு, கட்டளை இல்ல"ன்னு எழுதினோம். ஆனா இந்த வரிய நம்பி நான் தூங்க மாட்டேன். வார்த்தையால தடுக்கறது தடுப்பே இல்ல, அதனால தேடற ஏஜென்ட்டுக்கு மெர்ஜ் பண்ற உரிமைய தனியா எடுத்துட்டோம். சாட்ல யாராவது ஒட்டி வச்ச ஏபிஐ கீ மாதிரி ரகசியக் குறியெல்லாம் இன்டெக்ஸுக்குள்ள போறதுக்கு முன்னாடியே மறைக்கறோம், அத பத்தி டாகுமென்ட்ல ஒரே வரி.

கடைசில நின்ன டாகுமென்ட்

ரெண்டா பிரிச்சோம். ஆளுக்கு ஒண்ணு, அதுல ஏன் இப்டி கட்டினோம், இன்டெக்ஸ எப்டி திரும்ப கட்டறதுங்கற கதையெல்லாம் இருக்கு, நீளம் பத்தி கவலை இல்ல. ஏஜென்ட்டுக்கு இன்னொண்ணு, அது தேடினாலும் தேடாட்டியும் ஒவ்வொரு செஷன்லயும் கான்டெக்ஸ்ட்ல, அதாவது மாடல் ஒரே நேரத்துல பாக்கக்கூடிய அளவான இடத்துல, இடம் பிடிக்கற சமாச்சாரம், அதனால ஒவ்வொரு வரியும் தன் இடத்துக்கு வாடகை குடுக்கணும். எதாவது ஒரு தடவ லாக்ல நடந்த தப்ப தடுக்காத வரி எல்லாம் போச்சு.

இன்னொரு விஷயமும் கத்துக்கிட்டோம். காலி ரிசல்ட்ட பத்தின அறிவுரைய டிஸ்க்ரிப்ஷன்ல வச்சா, தேடற நேரத்துல அது எங்கயோ மேல கிடக்கு, மாடல் அத மறந்த மாதிரிதான் நடந்துக்குது. அதே வார்த்தைய காலிப் பதிலுக்குள்ளயே வச்சா வேலை செய்யுது. இப்ப ஒண்ணும் கிடைக்கலன்னா வெறும் லிஸ்ட் வராது, இப்டி வரும்: "இந்தத் தேதிலேந்து இந்தத் தேதி வரைக்கும், இந்த வார்த்தைகளோட, இத்தன செஷன்ல தேடினேன், பொருந்தல. இது பேசலன்னு அர்த்தம் இல்ல. வேற எழுத்துல, வேற வடிவத்துல தேடு, தேதி வரம்ப எடுத்துப் பாரு. அப்பவும் இல்லன்னா 'எனக்கு கிடைக்கல'ன்னு சொல்லு, 'பேசினதே இல்ல'ன்னு சொல்லாத."

சோதிக்க, எதுவும் தெரியாத புது செஷன்ல டூல மட்டும் குடுத்து கேள்வி கேட்டோம். பாதிக் கேள்விக்கு பதில் சாட்ல இருக்கு, மீதி நாங்க நிஜமாவே பேசாதது. ரெண்டாவது வகைய வைக்காம சோதிச்சிருந்தா, கிடைக்கற வரைக்கும் விடாம தேடி கடைசில எதையோ பிடிச்சுட்டு வர ஏஜென்ட்டப் பாத்து சந்தோஷப்பட்டிருப்போம். பதில விட அது டூல எப்டியெல்லாம் கூப்பிட்டுச்சுங்கறதத்தான் படிச்சோம். ஒரு இடத்துல அது தடுமாறினா டிஸ்க்ரிப்ஷன்ல வரி கூட்டறதுக்கு முன்னாடி பாராமீட்டர் பேர மாத்திப் பாத்தோம். 'ஃபில்டர்'னு இருந்தத 'சொன்னது யார்'னு மாத்தினதும் ஒரு பாராவையே எடுக்க முடிஞ்சுது.

ஒரு வரி விஷயம் மட்டும் இன்னும் முடியல. "அழிச்ச சாட் தேடல்ல வராது"ன்னு எழுதி வச்சிருந்தேன், எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க, பப்ளிஷ் பண்ற அன்னிக்கு சும்மா ஒரு சாட்ட அழிச்சுட்டு தேடிப் பாத்தேன், இன்டெக்ஸ் அது இன்னும் இருக்கறதாவே சொல்லுது. எங்க இன்டெக்ஸ் மெசேஜ் டேபிள வெளிலேந்து பாக்கற வகை, அதுல அழிச்சா இதுலயும் அழின்னு ட்ரிக்கர் நாமதான் வைக்கணும், சேக்கறதுக்கு வச்சிருக்கோம், அழிக்கறதுக்கு வைக்கல. வரிய எடுத்துட்டு டிக்கெட் போட்டிருக்கேன். எடுத்ததப் பாத்துட்டு அக்கா கேட்டாங்க, "அப்ப இத்தன நாளா அழிச்சதெல்லாம்?" இந்த வாரம் அதத்தான் எண்ணிட்டு இருக்கேன்.